மலிவான எஃகு உறைத் தோட்டாக்கள் கைத்துப்பாக்கிக்குப் பொருந்துமா?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 3

என்னிடம் 9×19 (9 மி.மீ. தோட்டாவைச் சுடும்) பிஸ்டல் ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கு எஃகு உறைத் தோட்டாக்களை வாங்கினால் செலவு வெகுவாகக் குறைகிறது. ஆனால் எஃகோடு எஃகு உரசினால் குழல் தேய்ந்துவிடும், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட உறையை வெளியே இழுக்கும் கொக்கி) உடைந்துவிடும், அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) தோட்டா ஒட்டிக்கொள்ளும் என்று உடன் சுடுபவர்கள் எச்சரிக்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

2024 பிப்ரவரி 4

நல்ல நிலையில் உள்ள 9×19 பிஸ்டலில் பயிற்சிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஆனால் நீங்கள் அடுக்கிய மூன்று அச்சங்களும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. குழல் தேய்வதற்கும் உறைக்கும் தொடர்பே இல்லை. எக்ஸ்ட்ராக்டர் பற்றிய அச்சம் ஓரளவுக்கு உண்மை. அறையில் ஒட்டிக்கொள்வது உண்மை. ஆனால் அதற்குப் பலரும் சொல்லும் காரணம் தவறு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

உறையின் வேலையிலிருந்து தொடங்குகிறேன். உறை என்பது வெடிமருந்தை உள்ளே வைத்து, முனையில் குண்டைப் பிடித்திருக்கும் உலோகக் குப்பி. தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தம் உறையின் சுவரை வெளிநோக்கித் தள்ளி அறையின் சுவரோடு அழுத்துகிறது. அதனால் வாயு பின்பக்கமாகக் கசியாமல் தடுக்கப்படுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் உறை சற்றுச் சுருங்கி, வெளியே இழுப்பதற்குத் தேவையான இடைவெளியைத் தர வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் பித்தளை மிகப் பொருத்தமான உலோகம். எழுபது விழுக்காடு செம்பும் முப்பது விழுக்காடு துத்தநாகமும் கலந்த தோட்டாப் பித்தளை எளிதில் விரிகிறது, நன்றாகவே மீள்கிறது. எஃகின் விறைப்பு பித்தளையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே இரண்டும் சம வலிமை கொண்டவையாக இருந்தால், எஃகு உறை மீளும் அளவு பித்தளை மீளும் அளவில் பாதிதான். அதோடு, விரிவதற்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதால், அழுத்தம் ஏறத் தொடங்கும் கணத்திலும் இறங்கி முடியும் கணத்திலும் அது அறையை முழுமையாக அடைப்பதில்லை. அந்த நேரத்தில் உறைக்கும் அறைச் சுவருக்கும் இடையே புகுந்துவிடும் கரிதான் மற்ற எல்லாச் சிக்கல்களுக்கும் தொடக்கம்.

எஃகு எஃகின்மேல் வழுக்குவது கடினம் என்பதை உற்பத்தியாளர்கள் அறிவார்கள். அதனால்தான் எஃகு உறையை அவர்கள் வெறுமனே விடுவதில்லை. அரக்குப் பூச்சு, பாலிமர் பூச்சு, துத்தநாக முலாம், செம்பு அல்லது பித்தளை முலாம் என்று ஏதாவது ஒன்று அதன்மேல் இருக்கும். இப்பூச்சு துருவைத் தடுப்பதோடு உராய்வையும் குறைக்கிறது.

2024 பிப்ரவரி 4, இரவு

குழலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உறை அறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. குழலின் உட்சுவரில் குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களைத் தொட்டுச் செல்வது குண்டு மட்டுமே. எனவே குழலுக்காகக் கவலைப்படுபவர் பார்க்க வேண்டியது குண்டின் மேலுறையைத்தான். மலிவான எஃகு உறைத் தோட்டாக்கள் பலவற்றில் குண்டின் மேலுறையும் மென்எஃகினால் ஆனது. அதன்மேல் மெல்லிய செம்புப் படலம் இருப்பதால் பார்வைக்குச் செம்பாகத் தெரியும். இதை இரட்டை உலோக மேலுறை என்பார்கள். குண்டின் நுனியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் எஃகு உள்ளே இருக்கிறது. அது மேலுறையில் இருக்கிறதா, மையத்தில் இருக்கிறதா என்பதைக் காந்தம் காட்டாது. பல உள்ளரங்கச் சுடுதளங்கள் காந்தத்தில் ஒட்டும் குண்டுகளை மறுப்பதற்குக் காரணம் துப்பாக்கியின் நலன் அன்று. பின்தடுப்பில் மோதும்போது பறக்கும் தீப்பொறி, தரையில் படிந்து கிடக்கும் எரியாத வெடிமருந்தைப் பற்றவைக்கக்கூடும். தடுப்புத் தகடும் சேதமடையும். வாங்குவதற்கு முன் உங்கள் சுடுதளத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி 6

எக்ஸ்ட்ராக்டர். உறைக்குப் பயன்படுவது ஆழமாக இழுத்து வடிவமைக்கக்கூடிய குறைகரி எஃகு. எக்ஸ்ட்ராக்டரோ வெப்பப் பதமிடப்பட்ட கடினமான எஃகு. இரண்டும் எஃகு என்ற பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் கடினத்தன்மையில் வெகுதூரம் விலகியவை. விளிம்பைக் கவ்வி இழுக்கும் சாதாரண வேலையில் எக்ஸ்ட்ராக்டர் விரைந்து தேய்வதை நான் கண்டதில்லை. அது முறிவது வேறொரு சூழ்நிலையில்: உறை அறையில் இறுகிக்கொள்கிறது, ஸ்லைடு (பிஸ்டலின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் பாகம்) முழு வேகத்தில் பின்னோக்கிப் போகிறது, இரண்டுக்கும் நடுவே அந்தச் சிறு கொக்கி மாட்டிக்கொள்கிறது. பித்தளை விளிம்பாக இருந்தால் கிழிந்து விட்டுக்கொடுக்கும். எஃகு விளிம்பு விட்டுக்கொடுக்காது; அந்தச் சுமை முழுவதும் கொக்கியின்மேல் இறங்கும். ஆகையால் எக்ஸ்ட்ராக்டரைக் காப்பதற்கான வழி அறையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான்.

2024 பிப்ரவரி 6, மேலும் ஒன்று

1911 வகைப் பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மூல வடிவமைப்பில் எக்ஸ்ட்ராக்டர் தானே ஒரு வில்லாகவும் (ஸ்பிரிங்) வேலை செய்கிறது. மேகசினிலிருந்து மேலேறும் தோட்டாவின் விளிம்பு கொக்கியின் அடியில் வழுக்கி நுழைய வேண்டும். அறைக்குள் தோட்டாவைக் கையால் போட்டு அதன்மேல் ஸ்லைடை விடும் பழக்கம் பித்தளையிலேயே கெட்டது, எஃகு விளிம்பில் அதைவிடக் கெட்டது. எந்தத் தோட்டாவானாலும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

2024 பிப்ரவரி 11

"சூட்டில் அரக்கு உருகி அறையில் பசைபோல் ஒட்டிக்கொள்கிறது, பிறகு அடுத்த தோட்டா மாட்டிக்கொள்கிறது" என்பது இவ்விஷயத்தில் மிகப் பரவலான கதை. இந்தப் பூச்சு உறையின்மேல் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. பயிற்சியில் ஒரு கைத்துப்பாக்கியின் அறை எட்டும் சூட்டில் அது உருகி ஓடுவதில்லை. அறையைத் துணியால் துடைத்தெடுத்தால் வருவது கரிய தூள், அரக்கு வருவதில்லை.

அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து பிறந்தது? பெரும்பாலும் ஒரே வரிசையில் நடந்த நிகழ்ச்சியிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஒருவர் எஃகு உறைத் தோட்டாக்களை நீண்ட நேரம் சுடுகிறார். எஃகு முழுமையாக அடைக்காததால் அறைச் சுவரில் கரி படிகிறது. எஃகு உறை அதிகம் விரியாததால் அந்தப் படிவின் ஊடாகவும் வெளியே வந்துவிடுகிறது. பிறகு அவர் சுத்தம் செய்யாமல் பித்தளைக்கு மாறுகிறார். பித்தளை நன்றாக விரிந்து அந்தக் கரியின்மேல் இறுக அழுந்தி மாட்டிக்கொள்கிறது. பழி, முன்னே சுட்ட எஃகின் பூச்சின்மேல் விழுகிறது.

என்னுடைய சொந்தப் பிஸ்டலில் ஒருமுறை இதே வரிசையில் பித்தளை உறை ஒன்று மாட்டியது. அறையைத் தூரிகையாலும் கரைப்பானாலும் சுத்தம் செய்தபின் அதே பெட்டியின் மீதித் தோட்டாக்கள் தடையின்றி ஓடின. அதன்பின் நான் கடைப்பிடிக்கும் விதி எளிது: ஒரே நாளில் இரண்டையும் சுட வேண்டியிருந்தால் பித்தளை முதலில், எஃகு பிறகு. வரிசை மாற வேண்டியிருந்தால் இடையில் அறைத் தூரிகை. குழல் தூரிகை போதாது. அறையின் விட்டம் குழலைவிடப் பெரிது என்பதால் அறைக்கென்றே உள்ள தூரிகை வேண்டும்.

2024 பிப்ரவரி 12

மாட்டிக்கொண்ட உறையை எடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் அறையில் இருப்பது சுட்ட உறையா, சுடாத தோட்டாவா என்பதை ஐயமறத் தெரிந்துகொள்ளுங்கள். சுட்ட உறைதான் என்றால், மேகசினை எடுத்துவிட்டு, குழலின் முன்பக்கமாகப் பித்தளைக் கம்பி ஒன்றை விட்டு மெல்லத் தட்டினால் வந்துவிடும். சுடாத தோட்டாவாக இருந்தால் முன்பக்கமாகக் கம்பியை விடவே கூடாது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்து, பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

2024 பிப்ரவரி 13

ரிவால்வருக்கு என் பதில் வேறு. பிஸ்டலில் ஒவ்வோர் உறையையும் ஸ்லைடின் விசை தனித்தனியே இழுக்கிறது. ரிவால்வரிலோ ஐந்து அல்லது ஆறு உறைகளை உங்கள் உள்ளங்கை ஒரே தள்ளலில் வெளியேற்ற வேண்டும். குறைவாக மீளும் எஃகு, ஆறு அறைகளிலும் சிறிது சிறிதாகப் பிடித்தாலே தள்ளுகோல் நகராது. வேகமாகத் தள்ளாவிட்டால் ஓர் உறை, தள்ளுகோலின் முனையில் உள்ள நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் நழுவி மாட்டும் தொல்லையும் சேரும். ரிவால்வரில் எஃகு உறையைத் தவிர்க்கிறேன்.

2024 பிப்ரவரி 20

எஃகு உறை என்பதே தரங்கெட்ட புதுச் சிக்கனம் என்று எழுதப்பட்டதை ஏற்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாட்டினால் ஜெர்மனி அரக்குப் பூசிய எஃகு உறைகளில் 9 மி.மீ. தோட்டாக்களைப் பெருமளவில் செய்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் எவான்ஸ்வில்லில் கிரைஸ்லர் நிறுவனம் நடத்திய ஆலை அதே போரில் எஃகு உறைகளில் .45 அங்குலப் பிஸ்டல் தோட்டாக்களைக் கோடிக்கணக்கில் செய்தது. "இ சி 42", "இ சி 43" என்று அடியில் முத்திரையிட்ட உறைகளைப் பழந்தோட்டா சேகரிப்பவர்கள் இன்றும் அடையாளம் காண்பார்கள். 1951இல் சோவியத் படை ஏற்ற மகரோவ் பிஸ்டலுக்கு எஃகு உறைத் தோட்டா அன்றாட உணவு. துப்பாக்கியும் தோட்டாவும் ஒன்றையொன்று கருத்தில் கொண்டு செய்யப்பட்டால் எஃகு உறை நன்றாகவே வேலை செய்யும் என்பதற்கு இவை சான்று.

உறையின் வடிவமும் இதில் பங்கேற்கிறது. 9×19 தோட்டாவின் உறை அடியில் 9.93 மி.மீ., வாயில் 9.65 மி.மீ.; இந்தச் சரிவு இருப்பதால், உறை சிறிது பின்னே நகர்ந்தவுடனேயே அறைச் சுவரிலிருந்து விலகிவிடுகிறது. ஏறத்தாழ நேராக இருக்கும் .45 உறை அப்படி விலகுவதில்லை. வெளியேறும் வழியெல்லாம் உரசிக்கொண்டே வர வேண்டும்.

2024 பிப்ரவரி 21

நேற்று சரிவைப் பற்றி எழுதியதை யாரும் முழு விளக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகரோவின் உறையும் ஏறத்தாழ நேரானதுதான், இருந்தும் அது எஃகில் சிறப்பாக ஓடுகிறது. அதன் அழுத்தம் குறைவு. அத்துடன் அது குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாத எளிய பின்னுதைப்பு வகை என்பதால், வாயுவின் அழுத்தமே உறையைப் பின்னோக்கித் தள்ளி ஸ்லைடை நகர்த்துகிறது. எக்ஸ்ட்ராக்டர் இழுக்க வேண்டிய சுமை மிகச் சிறியது. .45 தோட்டாவின் உச்ச அழுத்தமும் 9×19 தோட்டாவைவிட வெகுவாகக் குறைவு; அழுத்தம் குறைந்தால் உறை சுவரில் அழுந்தும் விசையும் குறையும். எனவே சரிவு, அழுத்தம், இயங்கும் முறை ஆகிய மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். 9×19 தோட்டாவில் அழுத்தம் கூடுதல், சரிவும் உண்டு; .45 தோட்டாவில் சரிவு இல்லை, அழுத்தமும் குறைவு. இரண்டும் வெவ்வேறு வழியில் பிழைத்துக்கொள்கின்றன.

2024 மார்ச் 2

லக்கி கன்னர் என்ற தோட்டா வணிகர்கள் நான்கு ஏஆர்-15 துப்பாக்கிகளில் மொத்தம் 40,000 தோட்டாக்களைச் சுடத் திட்டமிட்டு நடத்திய சோதனையை ஒருவர் எடுத்துக்காட்டி, எஃகு உறை குழலைத் தின்றுவிட்டதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார். அந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். ஆனால் அது இரண்டு காரணங்களால் நம் கேள்விக்கு அப்படியே பொருந்தாது. முதலாவது, அங்கே குழலைத் தேய்த்தது உறை அன்று, இரட்டை உலோக மேலுறை கொண்ட குண்டு. இரண்டாவது, அது ரைஃபிள். .223 தோட்டாவில் ஏறத்தாழ 1.6 கிராம் மருந்து எரிகிறது. குண்டு வினாடிக்கு 950 மீட்டர் அளவில் பறக்கிறது. 9×19 தோட்டாவில் மருந்து 0.3 முதல் 0.4 கிராம், வேகம் வினாடிக்கு 350 மீட்டர் அளவு. குழலைத் தின்னும் சூடும் வேகமும் இங்கே அந்த அளவுக்கு இல்லை. கைத்துப்பாக்கிக் குழலிலும் எஃகு மேலுறை செம்பு மேலுறையைவிடக் கூடுதலாகவே தேய்க்கும்; ஆனால் சாதாரணமாகப் பயிற்சி செய்பவர் அந்தத் தேய்மானத்தை இலக்கில் காண்பதற்குள் தோட்டாவில் மிச்சமான பணம் புதுக் குழலின் விலையைத் தாண்டியிருக்கும். ரைஃபிள் சோதனையின் முடிவை எடுத்துப் பிஸ்டலின்மேல் ஒட்டுவதுதான் இந்த விவாதத்தைப் பல ஆண்டுகளாகக் குழப்பி வருகிறது. மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது இதுவே.

2024 மார்ச் 3

உறை, பூச்சு என்று இவ்வளவு எழுதியபின் யோசித்துப் பார்க்கிறேன். சுடுதளத்தில் மலிவுத் தோட்டாவால் திணறும் பிஸ்டல்களைப் பார்க்கும்போது, உறை எஃகாக இருப்பது பெரும்பாலும் காரணமாக இருந்ததில்லை. மூன்று காரணங்களைத்தான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். மருந்து குறைவாக இடப்பட்டிருப்பது முதலாவது. விறைப்பான வில் கொண்ட சிறிய பிஸ்டல்களில் ஸ்லைடு முழுத் தூரம் பின்னே போகாமல், சுட்ட உறை வெளியேறும் வாயிலில் செங்குத்தாக நின்று மாட்டும். கடினமான பிரைமர் (ஊசி அடித்ததும் பற்றி, மருந்தை எரியவைக்கும் சிறு மூடி) இரண்டாவது. இழுவிசையைக் குறைப்பதற்காக அடிக்கும் வில்லை மென்மையாக மாற்றிய துப்பாக்கிகளில் ஊசி பிரைமரில் பள்ளம் பதித்துவிட்டு ஓய்ந்துவிடும், தோட்டா வெடிக்காது. முன்பே அழுக்கேறிய அறை மூன்றாவது. அதே மருந்தளவையும் அதே பிரைமரையும் பித்தளை உறையில் இட்டிருந்தாலும் முதல் இரண்டு கோளாறுகளும் வந்திருக்கும்.

இதனால்தான் என் மதிப்பீட்டில் தொழிற்சாலை வில்களோடு இருக்கும் முழு அளவுப் பணிப் பிஸ்டலுக்கு எஃகு உறை பொருந்துகிறது. போட்டிக்காக இறுக்கமான அறையும் மென்மையான வில்லும் வைத்துச் செதுக்கிய பிஸ்டலுக்குப் பொருந்துவதில்லை. உங்கள் துப்பாக்கியின் கையேடு எஃகு உறையை விலக்கியிருந்தால் விவாதமே வேண்டாம். உத்தரவாதத்தை இழந்து மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

2024 மார்ச் 17

தற்காப்புக்காக வைத்திருக்கும் துப்பாக்கியில் இதை நிரப்பலாமா என்ற கேள்விக்கு: கூடாது. தடுமாறினால் மேகசினைத் தட்டிவிட்டு மீண்டும் சுடலாம் என்பது பயிற்சிக்குச் சரி. உயிர் தொங்கும் இடத்துக்குச் சரியன்று. அங்கே உங்கள் துப்பாக்கியில் நீங்களே ஓட்டிப் பார்த்த, தரமான பித்தளை உறைத் தோட்டா மட்டுமே இருக்க வேண்டும். ஆனால் அதற்காகப் பயிற்சியையும் விலை கூடிய தோட்டாவில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்து, கடைசியில் பயிற்சியே செய்யாமல் இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு எஃகு உறை நல்லதே செய்யும்.

2024 ஏப்ரல் 7

விலையைக் கணக்கிடும்போது ஒன்றை விடக்கூடாது. சுட்ட பித்தளை உறையை மீண்டும் நிரப்பலாம். மீள்நிரப்புபவருக்கு அது பணம். நிரப்பாதவர்கூட அதை விற்கலாம். எஃகு உறைகளில் பெரும்பாலானவை பெர்டான் வகைப் பிரைமர் கொண்டவை. பிரைமர் மோதி நசுங்கும் முனை உறையிலேயே அமைந்து, அதன் இருபுறமும் இரண்டு சிறு துளைகள் இருக்கும். நடுவில் ஒரே துளை கொண்ட பாக்ஸர் வகையைப்போல ஊசியால் பழைய பிரைமரைத் தள்ளிவிட முடியாது. பாக்ஸர் பிரைமர் கொண்ட எஃகு உறைகளும் உண்டு. ஆனால் பூச்சு உரிந்த எஃகு துருப்பிடிக்கும், மீள்நிரப்பும் அச்சில் இழுபடும். நீங்கள் மீள்நிரப்புபவர் என்றால் எஃகு உறையால் கிடைக்கும் மிச்சம் வெகுவாகச் சுருங்கிவிடும். சில வேளை இல்லாமலே போகும். ஆகவே இந்தக் கேள்விக்கு என் முதல் பதில், உறைகளைத் தரையில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கானது என்று கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் 9

பழைய படைக் கையிருப்பையும் இன்றைய வணிகத் தோட்டாவையும் ஒன்றாக எண்ணாதீர்கள். இன்றைய எஃகு உறைத் தோட்டாக்களின் பிரைமர் அரிக்காத வகை. கிழக்கு ஐரோப்பியப் படைக் கையிருப்பிலிருந்து வந்த 7.62×25 டோகரேவ் தோட்டாக்கள் பலவற்றில் பொட்டாசியம் குளோரேட் கலந்த பிரைமர் உண்டு. அது எரிந்தபின் குழலில் தங்கும் பொட்டாசியம் குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகை அரிக்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அன்றே வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் இட வேண்டும்.

2024 மே 26

2021 செப்டம்பரில் ரஷ்யத் தோட்டாக்களை இறக்குமதி செய்யப் புதிய அனுமதிகளை அமெரிக்கா நிறுத்தியபின், பலரும் அதற்கு முன் வாங்கி அடுக்கிய பெட்டிகளையே இன்னும் சுடுகிறார்கள். அப்படிப்பட்ட கையிருப்பைத் திறக்கும்போது ஒவ்வொரு தோட்டாவையும் பாருங்கள். பூச்சு கீறிய இடத்தில் எஃகு துருப்பிடிக்கும். மேலோட்டமான கறை துடைத்தால் போய்விடும். குழி விழுந்த துருவை நம்பக்கூடாது, அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள். ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றி இறக்கினாலும் இதே கீறல்கள் விழும்.

மலிவுத் தோட்டாவைச் சுடுபவர் காதால் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. வழக்கமான ஓசைக்கு மாறாக மந்தமான ஓசை வந்து, உதைப்பும் குறைந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். மருந்து குறைந்த தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். வெடிக்காமல் ஓய்ந்த தோட்டாவானால் குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி அரை நிமிடம் காத்திருங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு. அதன்பின் மேகசினை எடுத்து, அறையைக் காலி செய்து, குழலுக்குள் ஒளி தெரிகிறதா என்று பின்பக்கமாகப் பார்த்த பிறகே அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள்.